பெண்களும் பத்திரிகையும்: கண்காட்சிக்கும் நான்கு பக்கச் செய்தித்தாளுக்கும் விவரம் வேண்டும்

வட்டக்கச்சி வாசகி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் ஊர் வாசிகசாலையும் சேர்ந்து மார்ச் 8-ஆம் திகதிக்கு ஒரு கண்காட்சி வைக்கின்றன. தலைப்பு "பெண்களும் பத்திரிகையும்". பத்துப் பன்னிரண்டு மட்டைகள் தொங்கவிடலாம், அவ்வளவுதான் இடம். அன்றைக்கே பெண்களுக்கான நான்கு பக்கச் செய்தித்தாளின் முதல் இதழையும் கொடுத்து, பிறகு மாதம் ஒன்றாகக் கொண்டுவர யோசனை.

மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். இணையத்தில் "முதல் பெண் பத்திரிகையாளர்" என்று இடத்துக்கு ஒரு பெயர் கிடக்கிறது. எதை நம்பி மட்டையில் எழுதுவது? இலங்கைத் தமிழ்ப் பெண்களில் யாரிலிருந்து தொடங்குவது? அடுத்தது, பழைய இதழ்களை எங்கே, எப்படித் தேடுவது? வன்னியில் வீடுகளில் இருந்தவை இடப்பெயர்வோடு போய்விட்டன. சிலரிடம் மட்டும் வெட்டி வைத்த பெண்கள் பக்கங்கள் இருக்கின்றன, மஞ்சளித்து ஓரம் நொறுங்குகிறது. அவற்றைச் சுவரில் மாட்டலாமா? மூன்றாவது, தாளில் என்ன போடுவது? சமையல், கோலம், அழகுக்குறிப்பு போட்டால்தான் பெண்கள் வாசிப்பார்கள் என்று சங்கத்தில் பாதிப்பேர் சொல்கிறார்கள்.

---

அச்சுக்கோப்பு

"முதல்" என்று எழுத முன்னம் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பெண்களுக்காக வந்த பத்திரிகை வேறு, பெண்கள் நடத்திய பத்திரிகை வேறு. இணையத்தில் பெயர்கள் முட்டிக்கொள்வதற்கு முக்கால்வாசிக் காரணம் இது இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான்.

லண்டனில் 1693-இல் வந்த "லேடீஸ் மெர்குரி" பெண் வாசகருக்கென்றே அச்சான பத்திரிகைகளில் மிகப் பழையது. அதை நடத்தியவர் ஜோன் டண்டன் என்ற ஆண். காதல், கல்யாணம் பற்றிப் பெண்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தாள் அது, நான்கு இதழோடு நின்றது. ஒன்பது வருடம் கழித்து, 1702 மார்ச் 11-இல், இங்கிலாந்தின் முதல் நாளிதழான "டெய்லி கூரன்ட்" வந்தது. அதைத் தொடங்கியவர் எலிசபெத் மலெட் என்ற பெண். ஆனால் அது பெண்களுக்கான பத்திரிகை இல்லை. ஒற்றைத் தாள், வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து எடுத்த செய்தி. தன் கருத்தைக் கலக்கமாட்டேன், யோசிக்கும் புத்தி வாசிப்பவருக்கே இருக்கிறது என்று முதல் இதழிலேயே சொல்லிவிட்டார். பெயரை மட்டும் "இ. மலெட்" என்று போட்டார். பார்த்தவருக்கு ஆணா பெண்ணா என்று தெரியாது. இந்த ஒற்றை எழுத்தை உங்கள் மட்டையில் பெரிதாகக் காட்டுங்கள், நம் பத்திரிகைகளின் முதலெழுத்துக் கையொப்பங்களிலும் இதே கதை வரும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது 1744-இல். எலைசா ஹேவுட் எழுதி நடத்திய "ஃபீமேல் ஸ்பெக்டேட்டர்" பெண் எழுதி, பெண்களுக்காக வந்த இதழ்.

தமிழிலும் அதே உரைகல்லில் உரசிப் பாருங்கள். 1905-இல் சென்னையில் தொடங்கிய "சக்கரவர்த்தினி" மாதர் முன்னேற்றத்துக்கான மாத இதழ், ஆசிரியர் சுப்பிரமணிய பாரதி. பெண்களுக்கானது, பெண் நடத்தியதல்ல. அதற்கு முன்பே 1901-இல் கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து "இந்தியன் லேடீஸ் மகசின்" நடத்தினார். பெண் ஆசிரியர்தான், ஆனால் ஆங்கிலம். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-இல் "ஜகன்மோகினி"யைக் கையில் எடுத்து முப்பது வருடங்களுக்கு மேல் ஓட்டினார். எழுதுவது, அச்சு, விற்பனை எல்லாவற்றையும் ஒரு பெண் தாங்கிய இதழ். ஆனாலும் அது நாவலை நம்பி ஓடியது, செய்தியை நம்பி அல்ல. அந்த வேறுபாட்டையும் மட்டையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

இலங்கையில் நீங்கள் தொடங்கவேண்டிய பெயர் மங்களம்மாள் மாசிலாமணி. 1923-இல் யாழ்ப்பாணத்தில் "தமிழ் மகள்" இதழைத் தொடங்கி ஆசிரியராக இருந்தவர். பெண் நடத்தி, பெண்களுக்காக, தமிழில். மூன்றும் ஒன்றாகப் பொருந்துகிறது. இலங்கையில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1931-இல், 21 வயதானவர்களுக்கு. அதாவது "தமிழ் மகள்" வாசித்த பெண்களுக்கு அப்போது வாக்கே இல்லை. இந்த இரண்டு வருடங்களையும் ஒரே மட்டையில் அடுத்தடுத்து எழுதினால் விளக்கம் தேவைப்படாது.

அவருக்கு அடுத்தபடி மலையகத்தின் மீனாட்சியம்மாள் நடேசையர். கணவர் கோ. நடேசையரோடு சேர்ந்து "தேசபக்தன்" பத்திரிகை வேலையில் ஈடுபட்டவர், தோட்டத் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாகக் கட்டித் தோட்டம் தோட்டமாகப் பாடியவர். வாசிக்கத் தெரியாத பெண்ணுக்குச் செய்தி போய்ச் சேர்ந்த வழி அந்தப் பாட்டு. அவரைப் பாடகி என்று மட்டும் போட்டுவிட்டுப் பத்திரிகைப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அது அநியாயம்.

முதல் மட்டையைப் பத்திரிகையால் தொடங்காமல் பள்ளிக்கூடத்தால் தொடங்குங்கள் என்பதும் என் யோசனை. உடுவில் மகளிர் பாடசாலை 1824-இல் தொடங்கியது, "உதயதாரகை" பத்திரிகை 1841-இல் வந்தது. வாசிக்கத் தெரிந்த பெண்கள் ஒரு தலைமுறை உருவாகாமல் பெண்களுக்குப் பத்திரிகை ஏது?

---

பழைய தாள்

தேடுவதற்கு வழி சொல்கிறேன்.

வீட்டிலிருந்தே பார்ப்பதென்றால் முதலில் "நூலகம்" என்ற பெயரிலேயே இருக்கும் இணைய நூலகம். இலங்கைத் தமிழ் இதழ்கள், பத்திரிகைகள் ஆயிரக்கணக்கில் ஸ்கான் செய்து இலவசமாகக் கிடக்கின்றன. தமிழ்நாட்டு இதழ்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இலங்கை நாளிதழ்களின் பழைய பிரதிகளை நேரில் பார்க்கக் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பழைய சேகரிப்பு 1981-இல் எரிந்தது, ஆகையால் 1981-க்கு முந்தியதை அங்கே எதிர்பார்த்துப் பஸ் ஏறாதீர்கள்.

தேடும்போது மூன்று இடத்தில் வழுக்கும்.

பெயரின் இடைவெளி. "தமிழ் மகள்", "தமிழ்மகள்" இரண்டையும் தனித்தனியே தேடுங்கள். "ஜகன்மோகினி"யை "ஜகன் மோகினி", "ஜகந்மோகினி" என்றும் பதிந்திருப்பார்கள்.

பழைய எழுத்து. ணை, லை, னை, ணா, றா, னா போன்றவை எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வேறு வடிவத்தில் அச்சானவை. ஸ்கான் பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் அவற்றில் தடுக்கி விழும். ஆகவே சொல் தேடலில் ஒன்றும் வரவில்லை என்றால் இதழில் அது இல்லை என்று முடிவெடுக்கக் கூடாது. பொருளடக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கண்ணால் பாருங்கள்.

திகதி. பழைய இதழ்களில் தமிழ் வருடமும் மாதமும்தான் இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் ௵ இருந்தால் வருடம், ௴ மாதம், ௳ நாள். 1923 சித்திரையில் தொடங்கியது ருத்ரோத்காரி வருடம், அது 1924 பங்குனி வரை ஓடும். ருத்ரோத்காரி, தை மாதம் என்று இருந்தால் அது 1924 சனவரி நடுவிலிருந்து பெப்ரவரி நடுவரை. 1923 என்று எழுதினால் ஒரு வருடம் பிழைக்கும். இணையத்தில் ஒரே இதழுக்கு இரண்டு தொடக்க வருடம் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இதழ் கையில் வந்ததும் கதை கட்டுரைக்குப் போகாமல் முதலில் பதிப்பு விவர வரியைப் பாருங்கள். வழக்கமாகக் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்: அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர், முகவரி. அட்டையில் ஒரு பெண்ணின் பெயர் பெரிதாக இருந்து, அடியில் ஆசிரியரும் வெளியீட்டாளரும் ஆணாக இருக்கலாம். மறுபக்கமாக, அட்டையில் பெண் பெயரே இல்லாத இதழின் அடிவரியில் "திருமதி" என்று ஒன்று ஒளிந்திருக்கும். அந்தத் "திருமதி"க்குப் பின்னால் வருவது கணவர் பெயராகவும் இருக்கலாம், "திருமதி இராசையா" என்பதுபோல. அவருடைய சொந்தப் பெயரைக் கண்டுபிடிக்கும்வரை அப்படியே எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பெண் பெயரைப் பார்த்தவுடன் பெண் என்று பதியவும் வேண்டாம். "சுஜாதா" என்பது ரங்கராஜன் என்ற ஆண் மனைவியின் பெயரில் எழுதியது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

இனி அந்த நொறுங்கும் பக்கங்கள். மூலத்தாளை மாட்டாதீர்கள். பத்திரிகைத் தாள் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்வது, அதில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டால் மஞ்சளிக்கும், அமிலமாகி நாரை அறுக்கும். நம் வெக்கையில் அது இன்னும் வேகமாக நடக்கும். லமினேற் செய்வது அதைவிட மோசம். சூடும் பசையும் தாளோடு ஒன்றிப்போய் பிறகு பிரிக்கவே முடியாது. செலோ டேப்பும் வேண்டாம். நாலைந்து வருடத்தில் டேப் உதிர்ந்து, பழுப்புக் கறை எழுத்துக்கு மேலேயே நிற்கும்.

படம் எடுத்து, பிரதியை மாட்டுங்கள். போன் போதும். தாளுக்குப் பின்னால் கறுப்பு மட்டை வையுங்கள், அப்போதுதான் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியாது. மேலே சுத்தமான கண்ணாடித் துண்டு ஒன்று வைத்தால் மடிப்பு தட்டையாகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்கு, 45 பாகையில். ஃபிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் வெள்ளைப் பொட்டாக விழும். போன் தாளுக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும், சரிந்தால் ஒரு பக்க வரிகள் சுருங்கும். ஸ்கானர் இருந்தால் 300-இலிருந்து 400 டிபிஐ (அங்குலத்துக்கு அத்தனை புள்ளி), வண்ணத்தில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மஞ்சள் தாளும் கறுத்து, மங்கலான எழுத்து அதில் மறைந்துபோகும். கோப்புக்குப் பெயர் பத்திரிகை, வருடம், மாதம், நாள், பக்கம் என்ற ஒழுங்கில். பிறகு மூலத்தை அமிலமில்லாத தாளில், கிடைக்காவிட்டால் சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில், மடிக்காமல் தட்டையாக வையுங்கள். பெட்டி நிலத்தில் இருக்கக் கூடாது, சுவரிலும் முட்டக் கூடாது. கறையான் சுவர் வழியேதான் ஏறும். வெயிலில் காயவைப்பதும் தாளைக் கொல்லும்.

---

வட்டக்கச்சி வாசகி

அச்சுக்கோப்பு, பழைய தாள் இரண்டு பேருக்கும் நன்றி. "உதயதாரகை"யும் உடுவிலும் ஒரே மட்டையில் வருகின்றன. வன்னிக்கென்று என்ன வைப்பது? பிறகு அந்தச் சமையல் குறிப்புக் கேள்வி அப்படியே நிற்கிறது.

---

பாலைமரம்

சமையல் குறிப்புக் கேள்விக்கு நூற்றி இருபது வருடத்துக்கு முன்னமே இரண்டு நகரங்களில் பரீட்சை நடந்துவிட்டது.

லண்டனில் 1903 நவம்பர் 2-ஆம் திகதி அல்ஃபிரட் ஹாம்ஸ்வேர்த் "டெய்லி மிரர்" தொடங்கினார். பெண்களுக்காகப் பெண்கள் நடத்தும் நாளிதழ் என்று விளம்பரம், ஆசிரியர் மேரி ஹோவார்த். முதல் நாள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் போனது. மூன்று மாதத்துக்குள் இருபத்தையாயிரம் அளவுக்கு விழுந்தது. முதலாளி பெண் ஊழியர்களை வெளியேற்றி, ஆண் ஆசிரியரை வைத்து, படப் பத்திரிகையாக மாற்றிவிட்டார். பெண்களுக்குப் பத்திரிகை வாசிக்கும் பழக்கம் இல்லை என்று அவர் முடிவு கட்டினார். இது தவறான முடிவு. உடுப்பு, சபை நாகரிகம், வீட்டு அலங்காரம் இவை நாள்தோறும் மாறுவதில்லை. நாளைக்கும் அதே பக்கம் வரும் என்று தெரிந்தால் நாளைக்கு ஏன் காசு கொடுப்பது? வாரத்துக்கு ஒன்று போதுமான சரக்கை நாளிதழாக விற்றதுதான் பிழை.

பாரிஸில் அதற்கு ஆறு வருடம் முன்னம், 1897 டிசம்பர் 9-இல், மார்கரித் துரான் "லா ஃப்ரோந்" தொடங்கியிருந்தார். எழுத்து, ஆசிரியம், அச்சுக்கோப்பு எல்லாம் பெண்கள். அச்சுக்கோப்பவருக்கு ஆண்களுக்குரிய அதே சம்பளம். அதில் பாராளுமன்றச் செய்தியும் பங்குச்சந்தையும் நீதிமன்றமும் இருந்தன. அதுவும் காசில்லாமல் 1903-இல் நாளிதழாக நின்று, மாத இதழாகி, 1905-இல் ஓய்ந்தது. ஆனால் மிரர் மூன்று மாதம் தாங்காத இடத்தில் இது ஆறு வருடம் நாளிதழாக நின்றது.

பிற்காலத்துப் பெண்கள் பக்கம் ஏன் சமையலும் உடுப்புமாக ஆனது என்பதற்குக் காரணம் விளம்பரம். துணிக்கடையும் வீட்டுச் சாமான் கடையும் பெண் வாசகரைத் தேடின, பத்திரிகைகள் அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கின. "நியூயோர்க் டைம்ஸ்" பெண்கள் பக்கத்துக்குப் பல காலம் தலைப்பே உணவு, உடுப்பு, குடும்பம், தளபாடம் என்ற நாலு சொல்தான். பெண் நிருபரை வேலைக்கு எடுத்தாலும் அந்தப் பக்கத்துக்குள்தான் இருத்துவார்கள். வாஷிங்டனில் பத்திரிகையாளர் சங்கமான நஷனல் பிரஸ் கிளப் 1955-இல்தான் பெண் நிருபர்களை உள்ளே விட்டது. அதுவும் மேல் மாடத்தில் நின்று கீழே நடக்கும் பேச்சைக் குறிப்பெடுக்கலாம், கேள்வி கேட்கக் கூடாது. உறுப்பினராகச் சேர்த்தது 1971-இல். இந்தப் பூட்டை உடைக்க அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் 1933-இல் எடுத்த வழி மிகக் கெட்டித்தனமானது. தன் செய்தியாளர் சந்திப்புக்குப் பெண்களை மட்டும் அழைத்தார். செய்தி வேண்டுமென்றால் பத்திரிகை ஒரு பெண் நிருபரை வைத்திருந்தே ஆகவேண்டும்.

வன்னிக்கு வருவோம். இங்கே பத்திரிகையைவிட முதலில் வானொலி. பத்திரிகை பஸ்ஸில் வந்து சந்திக் கடையோடு நிற்கும், வானொலி அடுப்படிவரை போகும். இலங்கை வானொலியின் "பூவும் பொட்டும்" நிகழ்ச்சியும் இராஜேஸ்வரி சண்முகத்தின் குரலும் இல்லாமல் பெண் நேயர்களின் வரலாற்றை எழுத முடியாது, அதற்கு ஒரு மட்டை ஒதுக்குங்கள். போர்க்காலத்தில் விடுதலைப் புலிகளின் மகளிர் அமைப்பு "சுதந்திரப் பறவைகள்" இதழை வெளியிட்டது. அதைப் பற்றி எழுதினால் அது இயக்கத்தின் குரல், சுயாதீனப் பத்திரிகை அல்ல என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இயக்கச் சின்னத்தைக் காட்சிக்கு வைப்பதற்குத் தடை இருப்பதால் அட்டைப்படம் வேண்டாம், எழுத்து விளக்கம் போதும். அதே காலத்தில் தென்னிலங்கையிலும் கிழக்கிலும் பெண்கள் அமைப்புகள் நடத்திய இதழ்களையும் பக்கத்தில் வையுங்கள்: "பெண்ணின் குரல்", "நிவேதினி", மட்டக்களப்பு சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் "பெண்". இவை நூலகம் தளத்தில் பார்க்கக் கிடைப்பவை.

மிச்சம் இரண்டு மூன்று மட்டைகளுக்கு நீங்களே ஒரு கணக்கெடுப்புச் செய்யுங்கள், பழைய படங்களைவிட அது ஆட்களை நிறுத்தும். உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்று 1995-இலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. செய்தியில் பேசுகிற, பேசப்படுகிற ஆட்களில் பெண்கள் 1995-இல் நூற்றுக்கு 17, 2010-இல் 24, 2020-இல் 25. அவர்களுடைய முறையைச் சுருக்கி இப்படிச் செய்யலாம்.

ஒரே வாரத்தின் ஏழு பத்திரிகைகளை எடுக்காதீர்கள், அந்த வாரத்தில் ஒரு பெரிய சம்பவம் நடந்தால் கணக்கு சரிந்துவிடும். முதல் வாரத்துத் திங்கள், இரண்டாம் வாரத்துச் செவ்வாய், மூன்றாம் வாரத்துப் புதன் என்று ஏழு வாரத்தில் ஒரு வாரத்தைக் கட்டுங்கள். விளம்பரத்தையும் மரண அறிவித்தலையும் சேர்க்க வேண்டாம். நம் பத்திரிகைகளில் மரண அறிவித்தலிலும் 31-ஆம் நாள் நினைவஞ்சலியிலும் பெண் பெயர்கள் நிறைய வரும், "அன்னாரின் அன்பு மனைவி" என்று. அதையும் எண்ணினால் பெண்கள் பத்திரிகை முழுக்க நிறைந்திருப்பதுபோல் தோன்றும். தனியாக எண்ணி ஒரு மட்டையில் போட்டால் அதுவே ஒரு செய்தி.

ஒவ்வொரு செய்தியிலும் வரும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி. ஆணா, பெண்ணா, தெரியாதா. எந்த நிலையில் வருகிறார்: அதிகாரி, நிபுணர், கண்ணால் கண்டவர், பாதிக்கப்பட்டவர். அவர் சொன்னது அவர் வாய்ச்சொல்லாக மேற்கோளுக்குள் வந்திருக்கிறதா. படத்தில் இருக்கிறாரா. "இன்னாரின் மனைவி", "நான்கு பிள்ளைகளின் தாய்" என்று உறவால் சொல்லப்படுகிறாரா. எழுதியவர் பெயர் இருக்கிறதா. "எமது நிருபர்", "முல்லைத்தீவு நிருபர்" என்று இருந்தால் "தெரியாது" என்றே பதியுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பத்திரிகையை எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக வந்தால் விதியில்தான் ஓட்டை, ஆளில் இல்லை.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20-இல் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டமும் அதே வருடத்துக் கேப்பாப்புலவு நிலமீட்புப் போராட்டமும் பெரும்பாலும் பெண்கள் இருந்து நடத்தியவை. அந்தச் செய்திகளில் பத்தை எடுத்து, படத்தில் யார், மேற்கோளில் யார் என்ற இரண்டு பத்தியை மட்டும் நிரப்பிப் பாருங்கள்.

---

குளக்கட்டு

பாலைமரம் அண்ணை சொன்னதில் ஒன்றை மறுக்கவேண்டும். சமையல் பக்கத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1950களில் "மயாமி ஹெரல்ட்" பெண்கள் பக்க ஆசிரியராக இருந்த டொரொத்தி ஜேர்னி போன்றவர்கள் அந்தப் பக்கத்துக்குள்ளேயே கனமான செய்திகளைக் கொண்டுவந்தார்கள். மேலதிகாரிகள் அந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை என்பதே அவர்களுக்கு வசதி. தலைப்பு எதுவாகவும் இருக்கட்டும், உள்ளே செய்தி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முருங்கையிலைச் சுண்டலின் செய்முறை எல்லாருக்கும் தெரியும். இந்தக் கிழமை சந்தையில் பருப்பு, தேங்காய், முட்டை என்ன விலை, ஐந்து பேர் சாப்பிட என்ன முடியும் என்று எழுதினால் அது செய்தி.

இன்னொன்று, நுண்கடன். வன்னிப் பெண்களுக்கு இதைவிட அவசரமான செய்தி குறைவு. "நுண்கடனால் பெண்கள் பாதிப்பு" என்று தலைப்பு வரும், உள்ளே கணக்கு இருக்காது. உங்கள் தாளில் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். உதாரணமாக 50,000 ரூபா கடன், கிழமைக்கு 1,250 ரூபா, 52 கிழமை. கட்டி முடிக்கும்போது 65,000 ரூபா. மேலதிகம் 15,000, அதனால் "30 வீதம்" என்று சொல்வார்கள். ஆனால் அந்த 50,000 வருடம் முழுக்க உங்கள் கையில் இல்லை. முதல் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள், நடு வருடத்தில் கையில் இருப்பது ஏறக்குறையப் பாதி. ஆகவே உண்மையான வருட வட்டி ஐம்பது வீதத்தைத் தாண்டும். பதிவுக் கட்டணம், காப்புறுதி என்று முதலிலேயே கழித்தால் இன்னும் கூடும். இதற்கு அரைப்பக்கம் போதும். அடியில் வெறும் கட்டம் ஒன்று: கடன் தொகை, கையில் கிடைத்தது, கிழமைத் தவணை, எத்தனை கிழமை. வாசிப்பவர் தன் கடனை அதில் நிரப்பட்டும். யாருடைய பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் போடவேண்டிய தேவையே இல்லை.

யாராவது தன் கதையைச் சொல்லிப் பெயர் வேண்டாம் என்றால், பெயரை மட்டும் எடுத்தால் போதாது. ஒழுங்கை, கணவர் தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, மூன்றும் இருந்தால் ஊரில் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். அச்சுக்குப் போக முன்னம் அவரிடமே வாசித்துக் காட்டுங்கள்.

எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள். சனசமூக நிலையத்துப் பத்திரிகை மேசையில் பின்னேரம் ஆண்கள்தான் இருப்பார்கள். தாய்சேய் நிலையம், முன்பள்ளி வாசல், பால் சேகரிக்கும் இடம், கூட்டுறவுக் கடை, ஆடைத் தொழிற்சாலை பஸ் நிற்கும் சந்தி. பெண்கள் கால்மணித்தியாலம் காத்து நிற்கும் இடம் எதுவோ அதுதான் உங்கள் விற்பனை நிலையம்.

---

அச்சுக்கோப்பு

அச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கடைசி நேரத்தில் எல்லாரும் மாட்டுப்படுவது இங்கேதான்.

ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கம். பக்கத்துக்கு இரண்டு பத்தி, எழுத்து 12 புள்ளிக்குக் குறையக் கூடாது, வயதானவர்களும் வாசிப்பதென்றால் 13 அல்லது 14. தலைப்பும் ஒரு படமும் வைத்தால் பக்கத்துக்கு 300 சொல்லுக்கு மேல் திணிக்காதீர்கள், நான்கு பக்கத்துக்கும் 1,200. எழுதியவர்களுக்கு முதலே இந்த எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். பிறகு வெட்டினால் மனஸ்தாபம்.

போனில் யுனிகோட்டில் தட்டிய கட்டுரையை அச்சகத்தில் கொடுத்தால், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கம் கட்டும் மென்பொருள் வைத்திருக்கும் கடையில் அது கட்டம் கட்டமாகத் தெரியும். அவர்கள் பாமினிக்கு மாற்றுவார்கள். பாமினி ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழை உட்கார வைத்த எழுத்துரு. அதனால் கட்டுரைக்குள் இணைய முகவரியோ ஆங்கிலச் சுருக்கமோ இருந்தால் அர்த்தமில்லாத தமிழாக மாறிவிடும். ஒற்றை மேற்கோள்குறி, ஸ்ரீ, கொம்பும் காலும் சேர்ந்து வரும் கொ, கோ, கௌ எழுத்துகளும் உடையும் இடங்கள். மாற்றியபின் இவற்றை மட்டும் தேடி ஒருக்கால் சரிபாருங்கள். முடிந்தால் நீங்களே பக்கம் கட்டி பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள், எழுத்துரு உள்ளேயே பதிந்து வரும், உடையாது. சரிபார்ப்பது திரையில் வேண்டாம், ஒரு பிரதி தாளில் எடுத்து ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர் கையெழுத்துப் பிரதியைப் பார்க்கவேண்டும். பெயர், எண், தொலைபேசி இலக்கம் மூன்றையும் கடைசியாகத் தனியே ஒருமுறை.

ஐம்பது பிரதிக்கு மேல் என்றால் போட்டோக்கொப்பியைவிட ரைசோ என்ற படியெடுக்கும் இயந்திரத்தில் அடிப்பது மலிவு, ஒருமுறை வெட்டிய மாஸ்டர் தாளில் நூற்றுக்கணக்கில் ஓடும். ஆனால் ரைசோவில் கறுத்த முகங்கள் மையாகக் கொட்டும். படத்தை முன்கூட்டியே வெளிச்சமாக்கி, பின்னணியை வெட்டி, முகத்தைப் பெரிதாக்குங்கள்.

கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்கவேண்டும், அது சட்டம். மாதாமாதம் வருவதென்றால் பத்திரிகைப் பதிவு பற்றித் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் முதலே விசாரியுங்கள். அந்த வரியில் "சங்கத்தினர்" என்று போட்டு முடிக்காதீர்கள். ஆசிரியர் யாரோ அவருடைய பெயரை, கணவர் பெயரோ ஒற்றை முதலெழுத்தோ அல்ல, சொந்தப் பெயரை முழுதாகப் போடுங்கள். தொகுதி, இலக்கம், ஆங்கிலத் திகதி முதல் இதழிலேயே இருக்கட்டும். ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு ஸ்கான் செய்யக் கொடுங்கள், இரண்டு பிரதியை மடிக்காமல் வாசிகசாலைப் பெட்டியில் வையுங்கள்.